கொல்லாமல் காணும் கண்

(விழா அரங்கில் ஆற்றிய உரை)



கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் இந்த அவையில், அரிய பறவைகளைத் தேடிச் செல்வோரைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விழைகிறேன். ஒரு பறவையை இன்னதென்று உறுதிப்படுத்த அதைக் கொன்றாக வேண்டும் என்றிருந்த ஒரு துறை, கொல்லாமலே அறியக் கற்றுக்கொண்டது. அந்த மாற்றத்தை வடகடற் பகுதியின் இரண்டு சிறு தீவுகளைக் கொண்டு விளக்கலாம்.

ஐரோப்பாவில் செப்டம்பர், அக்டோபர் திங்கள்கள் இலையுதிர் காலம். வடபுலப் பறவைகள் குளிருக்கு அஞ்சித் தெற்கு நோக்கி வலசை புறப்படும் காலமும் அதுவே. அவற்றுள் பெரும்பகுதி அந்த ஆண்டில் பிறந்த இளம் பறவைகள். சிறு பாடும் பறவைகள் பலவற்றிற்குத் தாய் தந்தை வழிகாட்டுவதில்லை. செல்லும் திசையைப் பிறப்பிலேயே பெற்றுத் தனித்துப் பறக்கின்றன. சிலவற்றுக்கு அத்திசையுணர்வு பிழைபடுகிறது. சிலவற்றைக் காற்றும் மூடுபனியும் திசைமாற்றி விடுகின்றன. சைபீரியக் காடுகளில் பிறந்து தென்கிழக்கு ஆசியாவுக்குச் செல்ல வேண்டிய மஞ்சள் புருவக் கதிர்க்குருவி, ஏறத்தாழ 6 கிராமே எடையுள்ளது, ஐரோப்பாவின் மேற்குக் கரைகளில் வந்து இறங்குகிறது. கடல் நடுவே தென்படும் சிறு தீவே களைத்த பறவைக்குப் புகலிடம். ஆகவேதான் அரிய பறவைகளைத் தேடுவோரும் தீவுகளை நாடுகின்றனர்.

ஜெர்மானியக் கடற்கரைக்கு அப்பால் உள்ளது ஹெலிகோலாந்து. 1837ஆம் ஆண்டு ஹைன்ரிக் கெட்கே என்னும் ஓவியர் அங்கே வந்தார். 1897இல் மறையும்வரை அத்தீவிலேயே வாழ்ந்து பறவைகளை ஆராய்ந்தார். 1891இல் வெளிவந்த அவருடைய நூல், அச்சிறு தீவில் ஏறத்தாழ 400 வகைப் பறவைகளைப் பதிவு செய்தது. அந்த அறிவின் பெரும்பகுதி துப்பாக்கியால் கிடைத்தது. ஒன்றையொன்று ஒத்த சிறு குருவிகளைத் தொலைவிலிருந்து பிரித்தறிய ஏற்ற கருவி அன்று இல்லை. பதப்படுத்திய உடலைக் காட்டினாலன்றி, அரிய பறவையைக் கண்டேன் என்பதை எவரும் நம்பமாட்டார். அது தனி ஒருவரின் கொடுமையன்று; அக்காலத்தின் வழக்கம்.

அத்தீவு மக்களிடம் மற்றொரு முறையும் இருந்தது. மரமற்ற நிலத்தில் கிளைகளை நட்டுப் புதர்போல் அமைப்பர். களைத்து வரும் பூங்குருவிகள் நிழல் தேடி அதனுள் நுழையும். மறுபுறம் வலை காத்திருக்கும். பிடிபட்டவை உணவாகும்.

1910இல் ஹூகோ வைகோல்ட் என்னும் அறிஞர் அங்கே பறவை ஆய்வு நிலையம் தொடங்கினார். அந்தப் பழைய புதர்ப்பொறியிலிருந்தே புதியதொரு பொறி உருவாயிற்று. புதர்களின்மேல் கம்பிவலையைப் புனல்போல் அமைத்தால், அகன்ற வாய் வழியே நுழையும் பறவை குறுகிய முனையிலுள்ள பெட்டியை அடையும். அதனை எடைபோட்டு, அளந்து, காலில் எண் பொறித்த வளையம் இட்டுப் பறக்கவிடுவர். தீவின் பெயராலேயே ‘ஹெலிகோலாந்துப் பொறி’ என்று அது இன்றும் பல நாடுகளில் வழங்குகிறது. அன்பர்களே, பறவை உள்ளே நுழையும் வழி ஒன்றே. முன்பு அதன் மறுமுனையில் அடுப்பு இருந்தது. இப்போது திறந்த வானம் இருக்கிறது.

இரண்டாவது, ஸ்காட்லாந்தின் ஆர்க்னி, ஷெட்லாந்து ஆகிய தீவுக் கூட்டங்களுக்கு இடையில் உள்ள ஃபேர் தீவு. நீளம் 5 கிலோமீட்டர் அளவே. 1905இல் அங்கே ஆராயத் தொடங்கிய ஈகிள் கிளார்க்கும் துப்பாக்கியால் மாதிரிகளைச் சேகரித்தவரே. பின்வந்த ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் வேறு வழியில் சென்றார். இரண்டாம் உலகப் போரில், 1941இல், அவர் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். போர்க்கைதிகள் முகாமில் இருந்தபடியே, ஃபேர் தீவில் ஒரு பறவை நோக்கு நிலையம் அமைக்கத் திட்டம் தீட்டினார். விடுதலைக்குப்பின் 1947இல் தீவை விலைக்கு வாங்கி, 1948இல் நிலையத்தைத் திறந்தார். பகைவர் நாட்டுத் தீவில் பிறந்த பொறியே, அப்பகைவரிடம் சிறையிருந்தவரின் நிலையத்திலும் பறவைகளுக்கு வளையமிடப் பயன்பட்டது.

இன்று துப்பாக்கியின் இடத்தை இருகண் நோக்கியும் ஒளிப்படக் கருவியும் பெற்றுவிட்டன. அதனால் துன்பம் முற்றும் நீங்கிவிட்டதா? இல்லை என்றே சொல்ல வேண்டும். கடல் கடந்து வந்த பறவை உடற்கொழுப்பை எல்லாம் செலவழித்திருக்கும். இருள்வதற்குள் இரை தின்றால்தான் இரவுக் குளிரைத் தாங்கும். அரிய பறவை என்ற செய்தி கைப்பேசியில் பரவியதும் கூட்டம் திரள்கிறது. நல்ல படம் வேண்டிப் புதரைக் கலைப்பவரும் உண்டு. பதிவு செய்த குரலை ஒலித்து அழைப்பவரும் உண்டு. ஒவ்வொரு முறை அஞ்சி எழும்போதும் அதன் எஞ்சிய வலிமை குறைகிறது. இதனால்தான் பறவையின் நலமே முதன்மை என்பதைப் பறவை காண்போர் தங்கள் நெறியாக வகுத்துள்ளனர். நெறியறிந்தவர் விலகி நின்று காத்திருப்பார். பறவை வெளிப்படாவிட்டால் காணாமலே திரும்புவார்.

கையில் எதையும் எடுத்துச் செல்லாதவரிடத்தும், ‘என் பட்டியலில் இன்னும் ஒன்று’ என்னும் வேட்கை இருக்கக்கூடும். மிகுபொருள் விரும்பாமை என்று நாம் போற்றும் அறம், கண்ணால் சேர்க்கும் பொருளுக்கும் பொருந்தும் அல்லவா?

மாணவச் செல்வங்களே, வரும் திங்கள்களில் நம் ஏரிகளுக்கும் வலசைப் பறவைகள் வரும். அவசியம் சென்று காணுங்கள், பெயர் அறியுங்கள், நாளும் இடமும் எழுதி வையுங்கள். பறவை இரை தின்பதை நிறுத்தித் தலையை உயர்த்தி உங்களைப் பார்த்தால், நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அப்போது ஓரடி பின்வையுங்கள். அது மீண்டும் குனிந்து இரை கொள்ளத் தொடங்கும். அந்தக் காட்சியைக் கண்டு திரும்புங்கள்.