நட்பில்லாமலும் பின்தொடரலாம்

2018 டிசம்பரில், இலங்கையின் வடக்கே உள்ள இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கண்டாவளைப் பக்கம் வெள்ளத்தில் மூழ்கியது. குடும்பங்கள் வீடுவாசலை விட்டு வெளியேறின.

இப்போதும் மழை வலுத்தால் அங்கே கேட்பது ஒரே கேள்விதான். குளத்தில் எத்தனை அடி தண்ணீர்? கதவு திறந்தாச்சா?

பதில் கைப்பேசியில் கிடைக்கும். வளிமண்டலவியல் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் பேஸ்புக்கில் இருக்கின்றன. அவற்றுக்கு நட்பு அழைப்பு அனுப்பத் தேவையில்லை. 'பின்தொடர்' என்பதைத் தட்டினால் போதும். அவர்கள் பகிரங்கமாகப் போடுவது உங்களுக்கு வரும். நண்பர்களுக்கு மட்டும் என்று நீங்கள் போடும் பிள்ளையின் படம் அவர்களுக்குப் போகாது.

நட்பு இருபக்கம். பின்தொடர்தல் ஒருபக்கம். வானொலி மாதிரித்தான்: நீங்கள் கேட்கிறீர்கள், அறிவிப்பாளருக்கு உங்கள் வீட்டு முற்றம் தெரியாது.

ட்விட்டர் 2006இல் தொடங்கியபோதே இந்த ஒருபக்க வழியில்தான் வந்தது. பேஸ்புக் 2011இல் இதைச் சேர்த்தது. முன்பின் தெரியாதவரை நண்பராக்கத் தயங்கும் பெண்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேணும்: பதிவின் திகதி. பழைய வெள்ளப் படம் புதுச் செய்தியாக ஓடித் திரிந்து, வயதானவர்களை வீணாகக் கலங்க வைக்கிறது. பின்தொடரும் பக்கத்தில் அறிவித்தலையும் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் அவசரச் செய்தி கீழே புதைந்துவிடும்.

இணையம் படுத்துவிட்டால், சாதாரண போனிலேயே 117. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் அது.