முன்னால் ஒரு சைக்கிள்

லூமுட்டில் கடற்கரையோரம் சைக்கிள் மிதிப்பவர்களுக்குக் காற்றின் குணம் தெரியும். தனியாகப் போனால் அது நெஞ்சில் மோதும். முன்னால் ஒருவர் போனால், அவர் காற்றைக் கிழித்துக்கொடுக்கிறார். ஒட்டிப் பின்னால் வருபவருக்குச் சிரமம் நன்றாகவே குறைகிறது. முன்னவர் களைத்ததும் இடம் மாறிக்கொள்வார்கள்.

துணை என்றால் பேச்சுத்துணை மட்டுமல்ல, நேயர்களே. காற்றுக்கும் துணை!

நம் மலேசிய வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங், கெய்ரின் என்ற சைக்கிள் பந்தயத்தில் 2017-இல் உலகச் சாம்பியன். மெல்பர்னில் அவரோடு பயிற்சி செய்தவர் இளையவர் ஷா ஃபிர்டாவுஸ். இருவருமே தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டினார்கள். அசிசுல் வெள்ளி வென்றார். பக்கத்தில் ஒரு வேகக்கால் இருந்தால், பயிற்சியில் சோம்பல் ஏது?

துணை கொஞ்சம் வேகமானவராக இருக்கட்டும். ரொம்ப வேகம் வேண்டாம், விட்டுவிட்டுப் போய்விடுவார்.

மழைக்காலை. போர்வை இழுக்கிறது. வாசலில் சைக்கிள் மணி கேட்கிறது. அவர் வந்துவிட்டார்.