ஆழத்தில் உழைத்தோர் தந்த பாடம்



கல்விப் பணிக்கு வெள்ளிவிழாக் காணும் இந்நாளில், அறிவு உழைப்பாளியைச் சென்றடையாமையால் நேர்ந்த துயரம் ஒன்றைக் கூற விழைகின்றேன்.

அமெரிக்காவின் நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தின் வேலை 1870இல் தொடங்கி 1883இல் முடிவுற்றது. தூண்களுக்குக் கடைக்கால் இட, அடிப்புறம் திறந்த மாபெரும் மரப்பெட்டிகளை நீருள் இறக்கினர். நீர் புகாவண்ணம் உள்ளே அழுத்தமிகு காற்றைச் செலுத்தினர். ‘கெய்சன்’ எனப்பட்ட அப்பெட்டிகளுள் மண் அகழ்ந்தோரிற் பலர், அயர்லாந்து முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். தொடக்கத்தில் அவர்தம் நாட்கூலி 2 டாலர்.

வேலை முடிந்து மேலே வந்த பின்னரே மூட்டுகளில் கொடிய வலி எழுந்தது; சிலருக்குக் கால்கள் செயலிழந்தன; சிலர் மாண்டனர். அங்குப் பணியாற்றிய மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித் 110 பேரின் நோயைப் பதிவு செய்தார். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் 1872இல் அந்நோயால் முடங்கினார். அவ்வாண்டு மே திங்களில் தொழிலாளர் 3 டாலர் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர்.

நோயின் காரணம் யாது? மூடிய சோடாப் புட்டியில் கரைந்து அடங்கியிருக்கும் வாயு, திறந்தவுடன் குமிழிகளாய்ப் பொங்குகின்றதன்றோ? அவ்வாறே, அழுத்தத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், விரைந்து வெளியேறும்போது இரத்தத்திலும் திசுக்களிலும் குமிழிகளாகின்றது. பிரெஞ்சு அறிஞர் பால் பெர் இதனை 1878இல் விளக்கினார். படிப்படியாய் மேலேறும் கால அட்டவணையை ஹால்டேன் 1908இல் வெளியிட்டார்.

ஆயினும், வெளியேறும் வேளையே ஆபத்தானது என்றும், மீண்டும் அழுத்தக் காற்றினுள் சென்றால் நோய் தணியும் என்றும் போல், வாட்டெல் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்கள் 1854லேயே எழுதியிருந்தனர்! பாலவேலை தொடங்குவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னரே ஏட்டில் இருந்த அவ்வறிவு, மண் அகழ்ந்தவனுக்குப் பயன்படவில்லை. ஹட்சன் ஆற்றுச் சுரங்க வேலையில், 1890ஐ ஒட்டி, பொறியாளர் மோயர் நோயுற்றோர்க்கென அழுத்த அறை ஒன்றை அமைத்தார். சாவுகள் பெரிதும் குறைந்தன.

இளைஞர்களே! இது தொலைநாட்டுக் கதை மட்டுமன்று. 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தும், கழிவுநீர்க் குழிகளில் இறங்கி நம்மவர் மடிவது நின்றபாடில்லை. அங்குக் கொல்வது நச்சுவாயு. காரணமும் தெரியும், காப்பும் தெரியும். அவ்வறிவு மட்டும் குழியின் வாயிலை எட்டவில்லை.

ஆகவே கற்றிடுங்கள். மருத்துவராக, பொறியாளராக உயருங்கள். உயர்ந்தபின், குழியருகே நிற்கும் உடன்பிறந்தானிடம் அவ்வறிவைச் சேர்த்திடுங்கள். காப்பின்றி இறங்கச் சொல்வோரிடம் ‘முடியாது’ என்று உரைக்கும் துணிவையும் அவனுக்கு ஊட்டுங்கள்.