சிவப்பு நிறத்துக்கு ஒரு கைதட்டல்



பல வருஷங்களுக்கு முன்னால் கோவைப் பக்கம் ஒரு வார்ப்பாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பவுண்டரி என்று சொன்னால்தான் அங்கே எல்லோருக்கும் புரியும். மோட்டார் பம்புக்கு வேண்டிய இரும்பு பாடியை வார்த்துக் கொடுப்பதுதான் தொழில். ஒரு திங்கட்கிழமை மத்தியானம், மோல்டிங் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கிப் பிடித்தார். பிறகு விரலை விரித்தார். மணல் கையை விட்டு வரவில்லை. உள்ளங்கை முழுக்க ஈரமாக அப்பிக்கொண்டது.

"ஈரம் சாஸ்திங்க தம்பி. இதுல இரும்ப ஊத்துனா உள்ளுக்குள்ள பொத்தல் விழுந்துருமுங்க" என்றார்.

"சூப்பர்வைசர்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேனுங்க. லோடு ஒரு நாள் தள்ளிப்போனா மொதலாளிகிட்ட யாரு பேச்சு வாங்கறதுன்னு கேக்கறாரு."

அன்றைக்கு அந்த மணலிலேயே வார்த்தார்கள். லோடு சொன்ன தேதிக்குப் போயும் சேர்ந்தது. பன்னிரண்டாம் நாள் அதே சரக்கோடு லாரி திரும்பி வந்தது. வாங்கியவர் தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். பாடிக்குப் பாடி கசிவு. முதலாளி ஓர் உடைந்த பாடியைக் கையில் எடுத்து, உள்ளே தேன்கூடு மாதிரி இருந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் நின்றார். ஆலையில் அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி, பன்னிரண்டு நாள் கழித்து அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாய் திறக்காதவர்களில் நானும் ஒருவன். அந்த உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை.

தொழில் நடத்துகிறவர்களுக்குப் பணமும் போட்டியும் பெரிய சவால்தான். ஆனால் எல்லாவற்றிலும் கடினமானது, தன் கூரைக்குக் கீழே நடக்கிற கெட்ட செய்தியைக் காலத்தோடு கேட்பது என்று நான் நினைக்கிறேன். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் லட்சக்கணக்கானோர் வேலை செய்யும் நிறுவனத்துக்கும் இதில் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். நம் மறைமலை நகரில் கார் தயாரித்த அதே ஃபோர்டுதான்.

2006ஆம் வருஷம். 1903இல் ஹென்றி ஃபோர்டு தொடங்கிய கம்பெனி மூழ்கும் நிலையில் இருந்தது. அந்த ஒரு வருஷத்து நஷ்டம் மட்டும் ஏறத்தாழ 1,270 கோடி டாலர். ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரன் பில் ஃபோர்டு அப்போது தலைமைப் பொறுப்பில் இருந்தார். தன்னால் இதைத் தூக்கி நிறுத்த முடியாது என்று உணர்ந்து, வெளியிலிருந்து ஒருவரைத் தேடிக் கொண்டுவந்து அந்த நாற்காலியைக் கொடுத்தார். குடும்பத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், அதற்கு எத்தனை பெரிய மனசு வேண்டும் என்று. வந்தவர் ஆலன் முலாலி. போயிங் கம்பெனியில் 777 விமானத்தை உருவாக்கிய வேலைக்குத் தலைமை தாங்கிய பொறியாளர். கார் தொழிலுக்குப் புதியவர்.

அவர் வியாழக்கிழமைதோறும் காலையில் ஒரு கூட்டம் வைத்தார். ஒவ்வொரு பிரிவின் தலைவரும் தன் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை நிறத்தில் காட்ட வேண்டும். திட்டப்படி போனால் பச்சை, சறுக்கும்போலத் தெரிந்தால் மஞ்சள், சறுக்கிவிட்டால் சிவப்பு. வாராவாரம் கூட்டம் நடந்தது. வாராவாரம் திரை முழுக்கப் பச்சை. கம்பெனி கோடி கோடியாகப் பணத்தை இழந்துகொண்டிருக்கிறது, ஒருவரிடமும் ஒரு சிக்கலும் இல்லையா என்று முலாலி கேட்டே விட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அந்த அறையில் அத்தனை வருஷமாக இருந்த வழக்கம் அப்படி. குறையை ஒப்புக்கொண்டவனைப் பக்கத்தில் இருப்பவனே காலை வாரிவிடுவான்.

அமெரிக்கப் பிரிவின் தலைவர் மார்க் ஃபீல்ட்ஸ். எட்ஜ் என்ற புதிய கார், கனடாவின் ஓக்வில் ஆலையில் வெளிவரத் தயாராக இருந்தது. சோதனையில் ஒரு கோளாறு தெரிந்தது, காரணம் பிடிபடவில்லை. ஃபீல்ட்ஸ் காரை அனுப்பாமல் நிறுத்தி வைத்தார். அடுத்த வியாழக்கிழமை, அத்தனை பச்சைக்கு நடுவில் அவருடைய பக்கத்தில் சிவப்பு. அறை அப்படியே அமைதியானது. இவருக்குச் சீட்டுக் கிழிந்தது என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

முலாலி கைதட்டினார்.

தட்டிவிட்டு, இவருக்கு யாரால் உதவ முடியும் என்று கேட்டார். சில நொடிகளில் ஆளாளுக்கு முன்வந்தார்கள். ஒருவர் இதே கோளாறை வேறு காரில் பார்த்ததாகச் சொன்னார், இன்னொருவர் தன் பொறியாளர்களை அனுப்புவதாகச் சொன்னார். மற்றவர்கள் உடனே மாறிவிடவில்லை. அடுத்தடுத்த கூட்டங்களுக்கும் ஃபீல்ட்ஸ் அதே நாற்காலிக்கு வருகிறாரா என்று பார்த்தார்கள். வந்தார். அதற்குப் பிறகுதான் திரையில் மஞ்சளும் சிவப்பும் பெருகின.

கைதட்டியே கம்பெனியை மீட்டுவிட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆலைகளை மூடினார்கள், ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 2008இல் நம் டாடாவுக்கு விற்றார்கள். ஆலைகளோடு, நெற்றிப்பொட்டு மாதிரி இருந்த கம்பெனியின் நீல நிறச் சின்னத்தையும் அடமானம் வைத்து 2,300 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கியிருந்தார்கள். 2009இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் அரசிடம் உதவி வாங்கியும் திவால் மனு கொடுத்தபோது, ஃபோர்டுக்குத் திவால் மனு கொடுக்கும் நிலை வரவில்லை. அடமானச் சின்னத்தை 2012இல் மீட்டார்கள். 2014இல் முலாலி ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், அன்றைக்குச் சிவப்பைக் காட்டிய அதே மார்க் ஃபீல்ட்ஸ்.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கேள்விதான். கெட்ட செய்தி வந்ததும் நம்மில் பலர் வாயில் முதலில் வருவது, "யார் பண்ணினது?" முலாலி கேட்டது, யாரால் உதவ முடியும் என்று. முதல் கேள்வியைக் கேட்டால் ஆட்கள் பின்வாங்குவார்கள், இரண்டாவதைக் கேட்டால் முன்வருவார்கள். சிறுதொழில் செய்பவர்களின் பாடும் எனக்குத் தெரியும். வங்கித் தவணை, சம்பளத் தேதி, வர வேண்டிய பாக்கி என்று நெஞ்சில் கல்லைக் கட்டிக்கொண்டு நடக்கிறவரிடம், சிரித்த முகத்தோடு இருங்கள் என்று சொல்வது சுலபம். ஆனாலும், செய்தி கொண்டுவருகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார். அது சுருங்கினால், பாதிச் செய்தியை விழுங்கிவிடுவார்.

லாரி திரும்பி வந்த அன்று சாயங்காலம் எங்கள் முதலாளி மோல்டிங் பக்கம் வந்தார். "உங்களுக்கு எப்பங்க தெரியும்?" என்று பெரியவரிடம் கேட்டார்.

"திங்கக்கெழமையேங்க."

"எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

பெரியவர் பதில் சொல்லாமல் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் யாரையும் திட்டவில்லை.

மறுநாளிலிருந்து அவர் கார் ஆபீஸ் வாசலில் நிற்பதற்கு முன்னால் மணல் கலக்கும் இடத்தில் நின்றது. இறங்கிச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வார். பெரியவர் ஒரு பிடி மணலை அள்ளி அவர் உள்ளங்கையில் வைப்பார்.