ஜின்னும் மஜ்னூனும்

 

'ஜின்' என்றதும் நமக்குப் பேயும் பூதமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அரபியில் அந்தச் சொல்லின் வேருக்கு 'மறைத்தல், மூடுதல்' என்றுதான் பொருள். தாயின் வயிற்றில் மறைந்திருக்கும் சிசு 'ஜனீன்'. மரங்கள் அடர்ந்து தரையே தெரியாத தோட்டம் 'ஜன்னத்'. சொர்க்கத்துக்கும் அதுதான் பெயர். சிசுவும் சொர்க்கமும் ஜின்னும் ஒரே வேரில் பிறந்தவை!

கண்ணுக்குத் தெரியாதது என்பதால் அது ஜின். திருக்குர்ஆனின் 72-ஆம் அத்தியாயத்துக்கே 'ஜின்' என்று பெயர். ஜின்களிலும் நல்லவர் உண்டு, வழி தவறியவர் உண்டு என்கிறது அது. பழைய அரபுக் கவிஞர்களோ, தங்களுக்குப் பாட்டு எடுத்துக் கொடுப்பதே ஜின்தான் என்று பெருமை பேசினார்கள். அஃஷா என்ற கவிஞர் தம்முடைய ஜின்னுக்கு 'மிஸ்ஹல்' என்று பெயரே சொல்லியிருக்கிறார்.

அதே வேரில் இன்னொரு சொல், 'மஜ்னூன்'. ஜின் பிடித்தவன், பித்தன் என்று பொருள். லைலாவை நினைத்துப் பாலைவனத்தில் அலைந்த கைஸுக்கு ஊர் வைத்த பெயர் அது. அந்தச் சொல்லைப் பேசிய மக்கள், ஜின்னை நம்பிய மக்கள், மஜ்னூனுக்கு மருத்துவரையும் தேடினார்கள். 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. நம்பிக்கையும் மருந்தும் அங்கே சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

நம் ஊரில் என்ன நடந்தது? 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் விடியுமுன் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. அவர்கள் யாருடைய பிள்ளைகள்? நம்முடைய பிள்ளைகள்!

நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் அவரை வீட்டிலிருந்து மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டியது சட்டம் அல்ல, நாம்.

தாயத்துக் கட்டுவீர்களோ, ஓதிப் பார்ப்பீர்களோ, கோயிலில் மந்திரிப்பீர்களோ, அது உங்கள் நம்பிக்கை. நான் குறுக்கே நிற்கவில்லை. அதோடு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் கூட்டிப்போங்கள். போக முடியாவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. இன்றிரவே இந்த எண்ணை உங்கள் தெருவில் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.