தூங்க வைப்பது எந்த இடம்?

முதல் உலகப்போர் சமயம். வியன்னாவில் ஒரு மருத்துவமனைக்கு வினோதமான நோயாளிகள் வந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், வாயில் உணவோடு தூங்கிவிடுவார்கள். தட்டி எழுப்பினால் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வார்கள். விட்டால் மறுபடியும் தூக்கம்.

இது மூளை அழற்சியால் வரும் நோய் என்று 1917-ல் எழுதினார் டாக்டர் கான்ஸ்டன்டின் வான் எகானமோ. பின்னால் வந்த சிலருக்கோ நேர்மாறு. உடம்பு அசந்துபோனாலும் கண் மூடாது.

ஒரே நோய், எப்படி இரண்டு விதம்? இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தார் எகானமோ. ஹைபோதலாமஸ் என்று ஒரு பகுதி, ஏறக்குறைய பாதாம் பருப்பு அளவுதான். ஓயாமல் தூங்கியவர்களுக்கு அதன் பின்பக்கம் சிதைந்திருந்தது. தூக்கம் தொலைத்தவர்களுக்கு முன்பக்கம். அப்படியானால் முன்பக்கம்தான் நம்மைத் தூங்க வைக்கிறது, பின்பக்கம் விழித்திருக்க வைக்கிறது! களைத்த மூளை தானாக ஓய்ந்துபோவதல்ல தூக்கம், அதற்கென்றே மூளையில் இடம் இருக்கிறது. பிற்கால ஆய்வுகளும் இதை உறுதிசெய்தன.

1920-களின் இறுதிக்குள் அந்தத் தொற்று அடங்கிவிட்டது. பிழைத்தவர்களில் பலரைப் பிற்பாடு பார்க்கின்சன் நோய் போன்ற விறைப்பு முடக்கியது. இத்தனைக்கும் காரணம் எந்தக் கிருமி? இன்றுவரை பிடிபடவில்லை.