சட்டமன்றத்தை நீதிமன்றம் தடுக்க முடியுமா?



நாடாளுமன்ற மக்களவையை நாம் வாக்களித்து அமைக்கிறோம். நீதிபதிகளை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அவ்வாறிருக்க, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைச் செல்லாதென்று கூற நீதிபதிக்கு ஏது உரிமை? இவ்வினா நியாயமான வினாவேயாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அவைக்குள் நடப்பதில் நீதிமன்றம் தலையிடுவதில்லை. நாடாளுமன்ற நடவடிக்கைகள் முறையானவையா என்று எந்த நீதிமன்றத்திலும் கேள்வி எழுப்பலாகாது என்கிறது கூட்டரசு அரசியல் சட்டத்தின் 63ஆவது விதி. ஆனால், மசோதா சட்டமாகி வெளிவந்த பின்னர் நிலைமை வேறு. அரசியல் சட்டமே இக்கூட்டரசின் உச்சச் சட்டம் என்றும், மெர்டேக்கா நாளுக்குப் பின் இயற்றப்பட்ட எந்தச் சட்டமும் அதற்கு முரணானால், முரண்படும் அளவுக்குச் செல்லாது என்றும் 4ஆவது விதி உரைக்கிறது.

தோட்டத்தில் நாம் அறிந்த ஒன்றோடு இதை ஒப்பிடலாம். நிர்வாகி ஆபீசுப் பலகையில் ஓர் அறிவிப்பை ஒட்டுவதை நாம் தடுக்க முடியாது. ஆனால், அது தொழிற்சங்கத்தோடு செய்த கூட்டு ஒப்பந்தத்திற்கு மாறானது என்றால், ஒப்பந்தத்தைக் காட்டி வாதாடலாம் அல்லவா? உவமை முற்றும் பொருந்தாது. எனினும் வழி காட்டும்.

இவ்வதிகாரம் ஏட்டில் மட்டும் இருப்பதன்று. அபாயகர போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் 37ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ஒருவர் வசமிருந்த பையில் போதைப்பொருள் இருந்தால், அதை அவர் அறிந்தே வைத்திருந்தார் என்பது ஓர் அனுமானம். குறிப்பிட்ட எடைக்குமேல் வைத்திருந்தால் அவர் அதைக் கடத்துபவர் என்பது மற்றோர் அனுமானம். இவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் குற்றம் நிறுவ அப்பிரிவு இடமளித்தது. தெரிந்தவர் கொடுத்த பையைச் சுமந்து சென்ற ஓர் ஏழையை எண்ணிப் பாருங்கள்! குற்றமற்றவன் என்று மெய்ப்பிக்கும் பாரம் அவன் தலையில் விழுகிறது. தோற்றால் தூக்குக் கயிறு. 2019 ஏப்ரல் 5ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த கூட்டரசு நீதிமன்றம், அப்பிரிவு அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று ஒருமனதாகத் தள்ளியது. ஏனைய சட்டம் அப்படியே நின்றது.

அதற்கு முன்னர், 2017இல், செமினி நில வழக்கு வந்தது. நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்ட நிலத்திற்கு எவ்வளவு இழப்பீடு என்பதை இரண்டு மதிப்பீட்டாளர்களே முடிவு செய்ய வேண்டும்; நீதிபதி அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்றது நில எடுப்புச் சட்டத்தின் 40டி பிரிவு. தீர்ப்பளிப்பது நீதிபதியின் பணி, அதைப் பிறரிடம் கொடுக்கலாகாது என்று கூட்டரசு நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது. நீதித்துறை அதிகாரம் பற்றிய 121ஆவது விதியின் வாசகம் 1988இல் திருத்தப்பட்டிருந்தும் இவ்வாறு முடிவாயிற்று என்பதே நம் கருத்தில் பெரிது.

மாநிலச் சட்டமன்றங்களுக்கும் வரம்புண்டு. 2024இல் கிளந்தான் மாநிலச் சட்டம் ஒன்றின் 16 பிரிவுகள், அம்மன்றத்தின் அதிகாரத்திற்கு அப்பாற்பட்டவை என்று தீர்ப்பாயின.

அப்படியானால் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தையே திருத்திவிட்டால்? மூன்றில் இரண்டு பங்கு ஆதரவிருந்தால் பெரும்பாலான விதிகளைத் திருத்தலாம். 1977இல், லோ கூய் சூன் வழக்கில், நீதிமன்றம் அத்தகைய திருத்தத்தை ஏற்றது. அடிப்படைக் கூறுகளை அழிக்கலாகாது என்று 2017இலும் 2018இலும் தீர்ப்புகள் கூறின. 2021இல் பெரும்பான்மை நீதிபதிகள் சிலர் அதற்கு உடன்படவில்லை. இவ்வழக்காடல் ஓயவில்லை.

இனி, வழக்குத் தொடுப்போர் அறிய வேண்டியது. ‘இப்பொருள் குறித்துச் சட்டமியற்ற இச்சபைக்கு அதிகாரமே இல்லை’ என்று நேரே வழக்காட, கூட்டரசு நீதிமன்ற நீதிபதி ஒருவரின் அனுமதி வேண்டும். அடிப்படை உரிமையை ஒரு சட்டம் பறிக்கிறது என்னும் வாதத்திற்கோ அவ்வனுமதி தேவையில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தம் வழக்கறிஞர் மூலம் தம் வழக்கிலேயே அதனை எழுப்பலாம். 37ஏ பிரிவு வீழ்ந்ததும் மரண தண்டனை பெற்ற இரு பெண்களின் மேல்முறையீட்டில்தான்.